கூடிப்போன மூன்று கிலோ

“மெஷின்ல என்னமோ கோளாறு டாக்டரம்மா. வேணும்னா செருப்பைக் கழட்டிட்டு ஏறுதேன்.”

“செருப்பு அப்பமே வெளியிலதாம்மா கிடக்கு” என்றாள் டாக்டர் எப்சிபா.

தொண்ணூற்று நான்கு கிலோ. இரண்டு மாதத்துக்கு முன்னால் லோகநாயகி இதே மெஷினில் ஏறியபோது தொண்ணூற்று ஒன்று. பசியை அடக்குகிற மாத்திரையை எழுதி, தினம் ஒன்று போடச் சொல்லி அனுப்பியவள் எப்சிபாதான். ஊரில் எத்தனையோ பேருக்குக் கேட்ட மாத்திரை, இந்த அம்மாளுக்கு மட்டும் மூன்று கிலோ கூட்டிக் கொடுத்திருக்கிறதே! இதென்ன கூத்து?

சந்தேகத்துக்குத் தானே மெஷினில் ஏறிப் பார்த்தாள். ஐம்பத்தெட்டு. மெஷின் மேல் தப்பில்லை.

“அம்மா, தீபாவளிக்குள்ள எண்பத்தஞ்சுக்கு வரணும். இல்லைன்னா மூட்டு ஆபரேஷன் கிடையாதுன்னு திருநெல்வேலி டாக்டர் கறாரா சொல்லிட்டாரு. ஞாபகம் இருக்குல்லா?”

லோகநாயகிக்குக் கண் கலங்கிவிட்டது. “மறப்பேனா? கட்டிலை விட்டு எந்திக்கவே இவுக கையைப் பிடிக்க வேண்டியிருக்கு. ஆபரேஷன் இல்லைன்னா நான் படுத்த படுக்கைதான்.”

‘இவுக’ என்று அவர் சொன்னது பக்கத்தில் இருந்த கணவர் பரமேஸ்வரனை. முப்பத்தைந்து வருஷம் தென்காசியில் பத்திரம் எழுதிய மனிதர். எழுதின காகிதம் எங்கே கண்டாலும் விடமாட்டார். இப்போதும் சுவரில் ஒட்டியிருந்த கொசு ஒழிப்பு நோட்டீஸை, கண்ணாடியை ஏற்றி இறக்கி, ஓர் எழுத்து விடாமல் வாசித்துக்கொண்டிருந்தார்.

“மாத்திரை ஒழுங்கா போடுதீங்களா?”

“தினமும் காலையில இவுகதான் உள்ளங்கையில வச்சுத் தருவாக. ஒரு நாள் தப்புனது இல்ல.”

பரமேஸ்வரன் பையிலிருந்து காலி அட்டைகளை எடுத்து மேஜைமேல் வைத்தார். ரப்பர் பேண்ட் போட்டு, ஒவ்வொன்றிலும் தேதி எழுதியிருந்தது. அறுபது குழியும் காலி.

எப்சிபாவுக்கு மண்டை காய்ந்தது. “நொறுக்குத் தீனி? குத்தாலத்துல சீசன் களைகட்டுது. நேந்திரங்கா சிப்ஸு, மஸ்கோத் அல்வான்னு எதாவது உள்ள போகுதா?”

“அய்ய, கண்ணால பாக்கல! ஐந்தருவிக்குப் போயே ரெண்டு வருசமாச்சு. போனாலும் இவுக முதல்ல தலையைக் கொடுத்துப் பாத்து, தண்ணி வேகம் சரியா இருக்குன்னா தான் என்னைய விடுவாக. எல்லாத்துக்கும் இதே பாடுதான். அன்னைக்கு இந்த மெஷின்லகூட, ஆடுதான்னு இவுக ஏறிப் பாத்த பொறவுதானே நான் ஏறினேன்?”

“பசி எப்படி இருக்கு? குறைஞ்சிருக்கா?”

“பசியா?” லோகநாயகி யோசித்தார். “யாருக்குத் தெரியும்? அது வர்றதுக்கு முன்னாலதான் நான் சாப்பிட்டுருதேனே.”

எப்சிபாவுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டு பேனாவை எடுத்தாள். “சரி, ஒரு நாளைக்கு என்ன சாப்பிடுதீங்க? மறைக்காம சொல்லணும்.”

“நீங்க சொன்னபடிதான். காலையில ரெண்டு இட்லி. மத்தியானம் ஒரு கரண்டி சோறு. ராத்திரி ரெண்டு தோசை.”

“அவ்வளவுதானா?”

“அவ்வளவுதான். பொறவு, இவுக தட்டுல மிச்சம் கிடக்கும்லா? அதைக் கொட்டவா முடியும்?”

பேனா நின்றது. “எவ்வளவு மிச்சம்?”

“ஆறு இட்லி வச்சா நாலு அப்படியே கிடக்கும். சோறுன்னா முக்காவாசி.”

“குறைச்சு வைக்கலாமே!”

“நாப்பது வருசமா ஆறு இட்லி திங்கிற மனுசனுக்கு ரெண்டு வைக்க எனக்குக் கை வருமா டாக்டரம்மா?”

அடடா! இவ்வளவுதானா விஷயம்? இதற்குப் போய் மெஷினைச் சந்தேகப்பட்டோமே என்று எப்சிபா வாய்விட்டுச் சிரித்தாள். “இனிமே அண்ணாச்சி தட்டுல கை வைக்கக் கூடாது. தீபாவளிக்குள்ள நீங்க எண்பத்தஞ்சுக்கு வந்துருவீங்க.”

மருந்துச் சீட்டில் எழுதப்போனவளுக்குச் சட்டென்று ஒன்று உறைத்தது.

“ஆமா, அண்ணாச்சி எப்ப இருந்து இப்படி மிச்சம் வைக்காக?”

“ரெண்டு மாசமா. வயசாச்சு, வயிறு சுருங்கிட்டுன்னு சொல்லுதாக.”

எப்சிபா அவரை அப்போதுதான் முழுசாகப் பார்த்தாள். சட்டை தொளதொளவென்று தொங்கியது. பெல்ட்டில் புதுசாக ஒரு துளை போட்டிருந்தார்.

“அண்ணாச்சி, கொஞ்சம் மெஷின்ல ஏறுங்க.”

“எனக்கு எதுக்கு? நான் நல்லாத்தானே இருக்கேன்!”

“ஏறுங்க.”

அறுபத்தொன்பது காட்டியது.

“அன்னைக்கு எழுவத்தெட்டுன்னுலா காட்டுச்சு!” லோகநாயகி பதறிப்போய், முட்டி வலியை மறந்து எழுந்தே விட்டார். “ஐயோ, ஒம்பது கிலோ! என் முட்டு எக்கேடும் கெட்டுப் போகட்டும் டாக்டரம்மா, முதல்ல இவுகளைப் பாருங்க. என்ன நோயோ, எவ்வளவு நாளா மறைக்காகளோ!”

“நோயும் இல்ல, நொடியும் இல்ல. நீ உக்காருட்டி” என்றார் பரமேஸ்வரன். மெஷினை விட்டு இறங்கி, சட்டைப்பையிலிருந்து மடித்த தாள் ஒன்றை எடுத்துத் தயங்கித் தயங்கி நீட்டினார். மாத்திரைப் பெட்டிக்குள் வருகிற விவரத்தாள். ஒரு பக்கம் முழுக்கச் சிவப்பு மையில் அடிக்கோடு.

“தலைசுத்தும், வாந்தி வரும், நெஞ்சு படபடக்கும்னு பொடி எழுத்துல இத்தனை வில்லங்கம் போட்டிருக்கே டாக்டரம்மா, பாத்துட்டு எப்படி அவளுக்குக் கொடுக்க? அவ கையில வெறும் சத்து மாத்திரையைத்தான் வச்சேன். இதை நானே மூணு மாசம் போட்டுப் பாத்து, எனக்கு ஒண்ணும் ஆவலைன்னா, பொறவு அவளுக்கு ஆரம்பிக்கலாம்னு இருந்தேன்.”