டிரைவரம்மா நிமிர்ந்த காலை

கட்டிலில் ஏறிய பிறகும் டிரைவரம்மா படுக்கவில்லை. தலையணையை வயிற்றில் அழுத்தி, முழங்காலைக் கட்டிக்கொண்டு சுருண்டு உட்கார்ந்திருந்தாள்.

ஏழு மாதமாக அப்படித்தான் தூங்குகிறாளாம். கூட வந்திருந்த அவளுடைய அப்பா சொன்னார். மல்லாந்து படுத்தால் கணையத்து வலி முதுகுவரை துளைத்துக்கொண்டு போகும்.

ஐம்பது பேரை ஏற்றிக்கொண்டு மலைப்பாதையில் பஸ் ஓட்டியவள். வயது முப்பத்தொன்று. இப்போது ஸ்டியரிங்குக்குப் பின்னால் பத்து நிமிடம் உட்கார முடியவில்லை.

போன ஆஸ்பத்திரியிலெல்லாம் முதல் கேள்வி, குடிப்பீர்களா என்பதுதான். ஒரு சொட்டு தொட்டதில்லை என்பாள். சரி சரி என்று எழுதிக்கொள்வார்கள். வலியைக்கூடத் தாங்கிவிடுவாள், அந்தச் 'சரி சரி'யைத்தான் தாங்கமாட்டாள் என்று அப்பா என்னிடம் புலம்பினார்.

எங்கள் டாக்டர் அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டு அவளுக்கு எதிரே உட்கார்ந்தார்.

மயக்கம் கொடுத்து, வாய் வழியாக இரைப்பைக்குள் ஒரு குழாய் போகும். அதன் நுனியில் ஸ்கேன் கருவி. கணையத்தின் வலியைச் சுமந்துகொண்டு போகும் நரம்புக் கொத்து இரைப்பைக்குப் பின்னால் இருக்கிறது. ஸ்கேனில் பார்த்தபடியே அங்கே ஊசி போட்டு அதை அடக்கி வைக்க வேண்டும்.

"நோய் இதுல போகாது. வலி மட்டும்தான் அடங்கும். சிலருக்கு மூணு மாசம், சிலருக்கு ஆறு மாசம். சிலருக்குக் கேக்காமலும் போகும்."

டாக்டர் அதோடு விடவில்லை. விழித்ததும் நடுமுதுகில் யாரோ கட்டைவிரலால் அழுத்துகிற மாதிரி இருக்கும், பயப்பட வேண்டாம் என்றார். எழுந்து நிற்கும்போது தலை சுற்றும். கண்ணை மூடாமல் எதிர்ச்சுவரைப் பார்த்தால் நின்றுவிடும் என்றார்.

டிரைவரம்மாவுக்குப் பொறுக்கவில்லை. "உங்களுக்கென்ன டாக்டர், சொல்லிட்டுப் போயிடுவீங்க. வலி என்னுதில்ல?"

எனக்குச் சுருக்கென்றது. பதில் சொல்ல வாயெடுத்தேன். முகக்கவசத்துக்கு மேலே டாக்டர் ஒரு பார்வை பார்த்தார். வாயை மூடிக்கொண்டேன்.

"உங்களுதுதாம்மா," என்றார் அவளிடம். "இடது பக்கமா ஒருக்களிச்சுப் படுங்க."

திரையில் பெருந்தமனி கறுப்புப் பட்டையாகத் துடித்தது. அதிலிருந்து கிளை பிரிகிற இடத்தை நோக்கி ஊசி ஒரு வெள்ளைக் கோடாகப் போனது. கொஞ்சம் பிசகினாலும் ரத்தக்குழாய். டாக்டரின் கை அசைவது கண்ணுக்குத் தெரியவில்லை. திரையில்தான் தெரிந்தது.

"இழுங்க சிஸ்டர்."

சிரிஞ்சைப் பின்னால் இழுத்தேன். ரத்தம் வரவில்லை. டாக்டர் தலையசைத்ததும் மருந்தை மெதுவாக அழுத்தினேன். ஊசிமுனையைச் சுற்றி வெண்புகைபோலப் பரவியது.

பதினேழு வருடமாக இந்தச் சிரிஞ்சைப் பிடிக்கிறேன். என் கை ஒருமுறைகூட அவசரப்பட்டதில்லை. இதையெல்லாம் நானே சொல்லிக்கொள்ளக் கூடாதுதான். சொல்லிக்கொள்கிறேன்.

ரத்த அழுத்தம் சரிந்தது. எண்பது. எழுபத்தைந்து. சலைனை வேகமாக ஓடவிட்டேன். டாக்டர் மானிட்டரை விட்டுக் கண்ணெடுக்கவில்லை. தொண்ணூறு. நூற்றிரண்டு.

அதற்குப் பிறகுதான் கையுறையைக் கழற்றினார்.

இரண்டு மணி நேரம் கழித்து நான் போனபோது டிரைவரம்மா விழித்திருந்தாள். மல்லாந்து படுத்திருந்தாள். கால்கள் கட்டிலின் கடைசிக் கம்பியைத் தொட்டன. இவள் இவ்வளவு உயரமா என்று அப்போதுதான் பார்த்தேன்.

வலி பத்துக்கு எத்தனை என்று கேட்டேன்.

"தேடிக்கிட்டிருக்கேன் சிஸ்டர். அகப்படல."

எழுந்தாள். எதிர்ச்சுவரையே பார்த்துக்கொண்டு, யார் தோளையும் பிடிக்காமல், முழு உயரத்துக்கும் நின்றாள். அவளுடைய அப்பா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். வெளியே பார்க்க அங்கே ஒன்றுமில்லை.

பிறகு தாழ்வாரத்தில் என்னைப் பிடித்துக்கொண்டார். "டாக்டரம்மா சொன்னது அத்தனையும் அச்சுப் பிசகாம நடந்துது சிஸ்டர். முதுகுல அழுத்தற மாதிரி இருக்கும்னாங்களே, அதுகூட! கூட இருந்து பாத்த மாதிரி சொல்றாங்க. எத்தனை பேருக்குச் செஞ்சிருப்பாங்க?"

"முந்நூறுக்கு மேல இருக்கும்யா."

அவர் கண்ணாடிக் கதவைப் பார்த்தார். உள்ளே டாக்டர் அடுத்த நோயாளிக்காகக் கை கழுவிக்கொண்டிருந்தார். அப்பா அந்தப் பக்கம் நோக்கிக் கும்பிட்டுவிட்டு மகளிடம் போனார்.

மீதியை நான் சொல்லவில்லை. சொல்ல எனக்கு உரிமையும் இல்லை.

டாக்டர் செய்தது முந்நூறு. அவரே நோயாளியாகப் படுத்துச் செய்துகொண்டது இரண்டு.

இரண்டு தடவையும், சிரிஞ்சை அழுத்த நான்தான் வர வேண்டும் என்று அடம்பிடித்தார்.