ஆறு நிமிடத்து அண்ணன்

இரட்டையரில் கிரிதரன் ஆறு நிமிடம் மூத்தவர். அந்த ஆறு நிமிடத்தை வைத்துக்கொண்டு தம்பி முகுந்தனை வாழ்நாள் முழுக்க ‘ஜெராக்ஸ்’ என்றே கூப்பிட்டார். தம்பி மகளின் கல்யாணத்தில் சம்பந்தி வீட்டார் முன்னாலும் அப்படிக் கூப்பிட, முகுந்தன் பேச்சை நிறுத்திக்கொண்டார். அது ஆயிற்று ஒன்பது வருடம்.

இப்போது கிரிதரனின் ரத்த அணுக்கள் பெருகும்போதெல்லாம் மரபணுவைத் தப்பும் தவறுமாகப் படியெடுத்தன. ஈரோட்டு மருத்துவமனையில் இருந்த திருத்தும் இயந்திரம் அவரைப் பிழைக்க வைத்துவிடும். ஆனால் ஒப்பிட்டுப் பார்க்கப் பிழையில்லாத பிரதி ஒன்று வேண்டும்.

"உங்க உடம்புல நம்பி எடுக்க ஒண்ணும் மிச்சமில்லீங்க. ஒரே கருவுல பொறந்த தம்பி வந்தாத்தான் உண்டு," என்றார் டாக்டர்.

கிரிதரன் கூச்சப்பட்டார். மனைவிதான் போன் செய்தாள். மறுநாள் காலை முதல் பஸ்ஸில் முகுந்தன் வந்து நின்றார்.

"வந்துட்டியாடா?" என்றார் கிரிதரன்.

"ஜெராக்ஸ் வேணும்னு அண்ணி சொன்னாங்க. வராம இருப்பனா?"

நர்ஸ் ஒரு படிவத்தை நீட்டினாள். அதில் இரண்டே கட்டங்கள்: மூலம், நகல். கிரிதரன் பேனாவை வாங்கி மெதுவாக எழுதினார். மூலம்: முகுந்தன். நகல்: கிரிதரன்.

எட்டிப் பார்த்த முகுந்தன், "மாத்தி எழுதிட்டியேண்ணா!" என்றார்.

"இல்லடா. இத்தனை வருசமா நான்தான் மாத்திச் சொல்லிட்டிருந்தேன்."

முகுந்தன் கண்ணைத் துடைத்துக்கொண்டு, சட்டைக் கையை மடித்து நர்ஸிடம் நீட்டினார்.

"வேணுங்கறதை எடுத்துக்கங்கம்மா. அந்த ஆறு நிமிசம் மட்டும் அண்ணனுக்கே இருக்கட்டும்."

அவருடைய இன்னொரு கையைப் பிடித்த கிரிதரன், ஊசி எடுத்த பிறகும் விடவில்லை.