சிவப்புச் சட்டை

“கேதீஸ், நாளைக்கு அந்தச் சிவப்புச் சட்டையைப் போட்டுட்டு வாங்க. கூட்டத்தில உங்களைத் தேடிப் பிடிக்க லேசா இருக்கும்,” என்றாள் செசிலியா.

டிஜிட்டல் ஊடக முதுகலை வகுப்பின் குழு வேலை அது. செசிலியா, நுவன், கேதீஸ்வரன் மூவரும் சேர்ந்து கண்டிச் சந்தையைப் பற்றி ஓர் ஆவணப்படம் எடுக்க வேண்டும். சண்டை நடக்கிற காலத்தில் யாழ்ப்பாணத்துப் பொடியனை நம்பிக் கமெராவைக் கொடுத்தார்களே என்று கேதீஸ்வரனுக்கு மனம் குளிர்ந்திருந்தது.

சந்தை வாசலில் ஆமிக்காரர்கள் மறித்தார்கள். அடையாள அட்டையில் யாழ்ப்பாண விலாசத்தைக் கண்டதும் கமெராவைப் பறித்து, அவனை நடுவீதியில் முழங்காலில் இருத்தினார்கள். கூட வந்த இருவரையும் காணவில்லை. விரிவுரையாளர் வந்து பேசி மீட்டபோது பொழுது சாய்ந்திருந்தது.

“பயந்து ஓடிட்டோம் கேதீஸ். மன்னிச்சிடுங்க,” என்று செசிலியா அழுதாள்.

“பயம் ஆருக்குத்தான் இல்லை? அதை விடும்,” என்றான்.

படம் போட்ட அன்று முன்வரிசையில் இருந்தான். திரையில் மரக்கறியும் இல்லை, மீனும் இல்லை. கூட்டம் ஒதுங்கி நடக்க, நடுவீதியில் ஒரு சிவப்புச் சட்டை முழங்காலில் இருந்தது. எதிர்க்கடை மாடியில் நின்று, கையில் பிடித்த இன்னொரு கமெராவில் எடுத்திருந்தார்கள்.

மண்டபமே எழுந்து நின்று கைதட்டியது.

கேதீஸ்வரனும் கமெரா பிடிக்கிறவன்தான். பயந்து ஓடியவர்களின் கை, அவன் முழங்காலில் இருந்த நேரம் முழுவதும் ஒரு தடவைகூட நடுங்கவில்லை.