மங்கின ஆரஞ்சு

இழுக்க இழுக்க நூல் வந்துகொண்டே இருந்தது.

எங்காவது சிக்கியிருக்கலாம். ஒரு முடிச்சாவது தடுத்திருக்கலாம். தடுக்கவில்லை. ஊற்றிவைத்த காபி ஆறுவதற்குள் அந்தச் சின்ன ஸ்வெட்டரின் முதுகு முழுக்கப் பிரிந்துவிட்டது.

பிரித்த கம்பளி நேராக இல்லை. இருந்த பின்னலின் வளைவுகள் அதில் அப்படியே நின்றன. நனைத்துக் காயப்போட்டால் நேராகும். அதற்கு நேரமில்லை.

அப்படியே குரோஷா ஊசியின் கொக்கியில் மாட்டினாள்.

நாளை மகள் ஆதிரையின் வகுப்பில் ஹாலோவீன். வீட்டில் கையால் செய்த அலங்காரம் ஒன்று வேண்டும், அந்தக் காலத்து மாதிரியில். டீச்சர் ஒரு பழைய வாழ்த்து அட்டையின் படத்தை அனுப்பியிருந்தார். உருண்டைக் கண், பல் தெரியும் சிரிப்பு, வெயிலில் மங்கினது போன்ற ஆரஞ்சில் ஒரு பூசணிக்காய்.

கடையில் இருந்த ஆரஞ்செல்லாம் கண்ணைக் கூசவைத்தது.

“இது இல்லம்மா, இது புதுக் கலர்” என்று கடை நடுவில் நின்று ஆதிரை அழுதாள்.

மங்கின ஆரஞ்சு வீட்டில் இருந்தது. அலமாரியின் மேல்தட்டில், போர்வைகளுக்குப் பின்னால்.

சுகந்தி எடுத்த நிறம் அது. சுகந்தி கொழுந்தனாரின் மனைவி. இரண்டு தெரு தள்ளி வீடு. போன வருடம் மேடிட்ட வயிற்றோடு கம்பளிக் கடையை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, இந்த நூல்கண்டைக் கன்னத்தில் வைத்துப் பார்த்தாள்.

“பையனோ பொண்ணோ, யாருக்கும் நல்லா இருக்கும்க்கா. நீங்களே பின்னிக் குடுங்க.”

ஸ்வெட்டர் முடிந்தது. ஏழாம் மாதத்தில் குழந்தையின் அசைவு நின்றது.

வெறுங்கையோடு வீட்டுக்கு வந்த சுகந்தி, சில நாள் கழித்து, ஒன்றே ஒன்று கேட்டாள். அந்த ஸ்வெட்டர் என்னாச்சு?

“ஆஸ்பத்திரியிலேயே குடுத்துட்டேம்மா. குறைமாசக் குழந்தைங்களுக்குப் போடுவாங்களாம்.”

கொடுக்கத்தான் இவள் எடுத்துப் போயிருந்தாள். நர்ஸ் எதிரில் வந்து நின்றபோது பையைத் திறக்கக் கை வரவில்லை. திரும்பக் கொண்டுவந்துவிட்டாள். அதைச் சொல்லவும் வாய் வரவில்லை.

அதற்குப் பிறகு குளிர் கூடும்போதெல்லாம் சுகந்தி சொல்வாள். “இப்ப ஏதோ ஒரு குழந்தை அதைப் போட்டுக்கிட்டு கதகதன்னு தூங்கும், இல்லக்கா?”

இவள் ஆமாம் என்பாள்.

எத்தனை ஆமாம்.

பூசணி ஊசிமுனையில் வளர்ந்தது. வட்டம் அகன்று, கிண்ணமாகி, மறுபடி குறுகி வந்தது. கை பழக்கத்தில் ஓடியது. ஸ்வெட்டரின் முன்பக்கமும் பிரிந்து போனது. ஒரு கையும் போனது. கழுத்துப் பட்டியை அவள் பார்க்காமலே இழுத்தாள்.

ஆதிரைக்காகத்தானே என்று சொல்லிப் பார்த்தாள். மனசு கேட்கவில்லை.

கதவில் சாவி திரும்பியது.

அவசரத்துக்கு இருக்கட்டும் என்று இவள்தான் சுகந்தியிடம் ஒரு சாவி கொடுத்து வைத்திருந்தாள்.

“அக்கா, ஆதிரைக்கு மிட்டாய் வாங்கினேன். வழியில குடுத்துட்டு...”

சுகந்தி நின்றுவிட்டாள்.

சோபாவில் முக்கால் பூசணி. சுருள் சுருளாக மங்கின ஆரஞ்சு. பக்கத்தில், பிரிக்காமல் மிச்சமிருந்த ஸ்வெட்டரின் ஒரு கை.

சுகந்தி உட்கார்ந்தாள். அந்தக் கையை எடுத்தாள். அதற்குள் இரண்டு விரல்தான் போயிற்று.

இவள் எழவும் முடியாமல், ஊசியை வைக்கவும் முடியாமல் இருந்தாள். திட்டட்டும். தூக்கி எறியட்டும். கதவை அறைந்துகொண்டு போகட்டும்.

“சுகந்தி, நான்...”

“அப்ப வேற எந்தக் குழந்தையும் இதைப் போட்டுக்கல.”

அது கேள்வி இல்லை. இவள் அந்த முகத்தில் கோபத்தைத் தேடினாள். தோள்கள் மெல்ல இறங்கின, அவ்வளவுதான்.

“நல்லவ மாதிரி பேசிட்டிருந்தேன்க்கா. வேற குழந்தை போட்டிருக்கேன்னு உள்ளுக்குள்ள ஆறவே இல்ல. எம்புள்ளையோடது அது.”



ஒரு வருடம் அந்த ஸ்வெட்டர் முழுதாக இருந்தது. எந்த நாளிலும் எடுத்துக் கையில் கொடுத்திருக்கலாம். இன்று காலையில்கூட.

பூசணியிலிருந்து ஊசியை உருவினாள். நூலைப் பிடித்து இழுத்தாள். ஒரு வரிசை போயிற்று. இன்னொரு வரிசை. திரும்பப் பின்னித் தந்துவிடலாம். ராத்திரி உட்கார்ந்தால் முடித்துவிடலாம்.

சுகந்தி இவள் மணிக்கட்டைப் பிடித்தாள்.

“விடுங்க. குழந்தை வந்து கேக்கும்.”

பிடி இறுக்கமாக இருந்தது. சொன்ன குரலில் ஒன்றும் இல்லை.

சுகந்தி அந்தச் சின்னக் கையை நான்காக மடித்தாள். கைப்பைக்குள் வைத்து ஜிப்பை மூடினாள். பிறகு, கேட்காமலே, பஞ்சுப் பொட்டலத்தைப் பிரித்தாள்.

போன வரிசைகளை இவள் மறுபடி போட்டாள். சுகந்தி உள்ளே பஞ்சு திணித்தாள். இவள் நூலை மேலிருந்து கீழாகச் சுற்றி இழுத்துப் பூசணியின் மடிப்புகளைக் கொண்டுவந்தாள். பச்சைக் காம்பு வைத்தாகிவிட்டது. கறுப்பில் கண்கள் வைத்தாகிவிட்டது.

தெருமுனையில் பள்ளிப் பேருந்து வந்து நிற்கும் சத்தம் கேட்டது.

“நீங்க சிரிப்பைப் போட்டு முடிங்கக்கா. நான் போய்க் கூட்டிட்டு வரேன்.”

சுகந்தி முகத்தைத் துடைத்துக்கொண்டு செருப்பை மாட்டினாள். கதவு மெதுவாகச் சாத்திக்கொண்டது.

மடியில் பூசணி இவளையே பார்த்துக்கொண்டிருந்தது. இன்னும் வாய் இல்லை.

ஊசியை எங்கே குத்தித் தொடங்குவதென்று இவளுக்குத் தெரியவில்லை.