நடக்கச் சொன்ன மெசேஜ்

"அங்கிள், மூணு மாசத்துல ஆறு கிலோ குறைஞ்சிருக்கீங்க. சீனியும் இறங்கியிருக்கு," என்றாள், நடைப் பழக்கம் பற்றிய ஆய்வுக்காக ரத்தோட்டையில் நோபர்ட்டின் வீட்டுக்கு வந்திருந்த தினுஷா.

நோபர்ட் பூரித்துப்போனார். "எல்லாம் நீங்க போனுக்கு அனுப்புற மெசேஜாலதான் மிஸ். ஒரு நாள்கூட நான் மீறினதில்ல."

பெருமையோடு போனை நீட்டினார். தினுஷா வாசித்தாள்.

'சந்தி வரை நடக்கவும். திரும்பும்போது இரண்டு தேங்காய் தூக்கி வந்தால் கைக்கும் பயிற்சி.'

'வீடு கூட்டினால் தொப்பை கரையும்.'

அவள் முகம் மாறியது. "அங்கிள், ஆய்வுல ரெண்டு குரூப். ஒங்க குரூப்புக்கு நாங்க மெசேஜே அனுப்பல. அனுப்பாட்டி என்ன ஆகும்னு பார்க்கத்தான் ஒங்கள சேர்த்தோம்."

"அப்ப இது யாரு நம்பர்?"

நோபர்ட் அந்த நம்பருக்கு அழைத்தார். குசினிக்குள், அடுப்புப் பக்கம், மணி அடித்தது. புது சிம் போட்ட போனோடு மனைவி டொறீன் வெளியே வந்தாள்.

"பத்து வருஷமா வாயால சொன்னேன், கேட்டீங்களா? ஆராய்ச்சின்னதும் ஓடுறீங்க!"

நோபர்ட் கோபப்படத்தான் பார்த்தார். சிரிப்பு வந்துவிட்டது.

"சரி, இன்னைக்கு எங்க போகணும்? வாயாலயே சொல்லு."