ஒன்றரை ஷிப்ட்

மணி அடித்தது. அவள் மிஷினை நிறுத்தினாள்.

அந்த வரிசையில் வேறு எந்த மிஷினும் நிற்கவில்லை.

ஐந்தரைக்கு அங்கே யாரும் எழுவதில்லை. எட்டரை வரை தைத்தால்தான் ஒன்றரை ஷிப்ட் கூலி. திருப்பூரில் வாடகை வீட்டில் இருக்கிறவர்களுக்கு ஒரு ஷிப்ட் என்பது சாப்பாட்டுக்கு, அந்த அரை ஷிப்ட்தான் மற்ற எல்லாவற்றுக்கும்.

ஊசியைத் தூக்கி வைத்தாள். தைத்து முடித்த சட்டைகளைக் கட்டி ஓரமாக நகர்த்தினாள். மடியில் ஒட்டியிருந்த நூலைத் தட்டினாள்.

எழுந்து டிபன் பையை எடுத்தாள்.

சூப்பர்வைசர் தங்கராசு பார்த்துவிட்டார்.

"என்னங்க சுகந்தி, உடம்பு சரியில்லீங்களா?"

"நல்லாத்தானுங்ண்ணா இருக்கறேன். வீட்டுக்குப் போறேன்."

"ஏதாச்சும் விசேஷமா?"

"இல்லீங்ண்ணா. இனிமே டெய்லி ஒரு ஷிப்ட் போதுமுங்க."

அவர் பேனாவைக் காதில் செருகிக்கொண்டு அவளையே பார்த்தார்.

அவள் கதை அவருக்குத் தெரியும். அந்தக் கம்பெனியில் எல்லோருக்கும் தெரியும்.

கணவன் கந்தவேல் நாலு மிஷின் போட்டுச் சொந்தமாகத் தொழில் நடத்தியவன். சரக்கை வாங்கிக்கொண்ட ஒரு கம்பெனி பணம் தராமல் இழுத்து மூடிவிட்டுப் போனது. மிஷின்கள் போயின. கடன் மட்டும் வீட்டில் தங்கியது.

ஆறு வருடம்.

கம்பெனி வேனில் ஏறாமல் நடந்தே வந்தாள். டீ நேரத்தில் எல்லோரும் பேக்கரிக்குப் போகும்போது பாட்டில் தண்ணீரைக் குடித்துவிட்டு மிஷினைத் துடைத்தாள். சோறு ஒரு கொதி வந்ததும் அடுப்பை அணைத்து, பனியன் வேஸ்ட் துணி திணித்த அட்டைப்பெட்டிக்குள் பானையை இறக்கி மூடிவிடுவாள். அது தானாக வெந்துகொள்ளும். முதலில் அக்கம்பக்கத்து லைன் வீட்டுப் பெண்கள் சிரித்தார்கள். அடுத்த வருடம் சிலிண்டர் விலை ஏறியதும் வந்து கற்றுக்கொண்டு போனார்கள்.

சொந்தக்காரர் கல்யாணங்களில் மொய் வைக்க வழியில்லை. அதற்காகப் போகாமலும் இருக்கவில்லை. முதல் நாள் இரவே போய் உட்கார்ந்து மூட்டை மூட்டையாகக் காய் நறுக்கிக் கொடுத்தாள். பந்தியில் நிமிர்ந்து உட்கார்ந்து சாப்பிட்டாள்.

வேறொரு கம்பெனியில் கட்டிங் வேலைக்குச் சேர்ந்த கந்தவேல் பீடியை விட்டான். அவள் சொல்லவில்லை. அவனாகவே விட்டான்.

சென்ற மாதத்துக்கு முந்தைய மாதம் கடைசிப் பாக்கியைக் கட்டினார்கள்.

"கடன்தான் முடிஞ்சுதுங்களே," என்றார் தங்கராசு. "இனித்தானுங்க கையில நிக்கும். ஒரு வண்டி வாங்குங்க. பொட்டப்புள்ளய வெச்சிருக்கறீங்க, நாலு காசு சேத்த வேண்டாமா?"

"புள்ளய வெச்சிருக்கறேனுங்ண்ணா. அதனாலதான் போறேன்."

அவர் காதிலிருந்த பேனாவை எடுத்தார்.

"ஒரு ஷிப்டுன்னா இந்த மிஷின் தர முடியாதுங்க. தெச்ச பீஸப் பாக்கற செக்கிங்குக்குத்தான் மாத்தோணும். கூலி கம்மி."

அதை அவள் எதிர்பார்க்கவில்லை.

மிஷினைத் திரும்பிப் பார்த்தாள். கை பட்டுப் பட்டு அதன் ஓரம் பளபளத்திருந்தது. அவள் தையலில் ஒரு பீஸ் திரும்பி வந்ததாக யாரும் சொன்னதில்லை.

மனதுக்குள் கணக்குப் போட்டாள். கடன் முடிந்த அடுத்த மாதம், அரை ஷிப்ட் பணத்தைத் தொடாமல் குடும்பம் நடத்திப் பார்த்திருந்தாள். நடந்தது. செக்கிங் கூலி என்றால் இன்னும் கொஞ்சம் இடிக்கும். அட்டைப்பெட்டி இருக்கிறது. நடக்கக் கால் இருக்கிறது.

"மாத்திருங்ண்ணா," என்றாள்.

தங்கராசு வழியை விட்டு விலகி நின்றார். "காத்தால நேரத்துக்கு வந்துருங்க," என்றார்.

வெளியே வெயில் இருந்தது.

கேட்டுக்கு எதிரே ஒரு வேப்பமரம். காலையில் அவசரமாக உள்ளே நுழையும்போது அதை நிமிர்ந்து பார்த்ததில்லை; இரவில் திரும்பும்போது அது வெறும் இருட்டுக் குவியல். பூத்திருந்தது.

மெதுவாக நடந்தாள். மெதுவாக நடக்க முடிகிறது என்பதே விநோதமாக இருந்தது.

வீட்டுக்கு வந்து முகம் கழுவினாள். அதற்குப் பிறகு என்ன செய்வதென்று தெரியவில்லை. இந்த நேரத்துக்கென்று அவளிடம் ஒரு வேலையும் இல்லை. வாசல்படியில் உட்கார்ந்தாள். பாதத்தின் மேல் வெயில் விழுந்தது. அப்படியே விட்டாள்.

பள்ளியில் மாலை வகுப்பு முடிந்து மகள் தாரணி சந்துக்குள் திரும்பினாள். முதுகில் புத்தகப்பை. ஆறாம் வகுப்பு. பூட்டைத் திறந்துகொண்டு தனியாக வீட்டுக்குள் போய்ப் பழகியவள். சாவியைக் கையில் எடுத்தபடி வந்தவள், படியில் அம்மாவைப் பார்த்ததும் நின்றுவிட்டாள்.

வேலைநாளில், சாயங்காலம் வெளிச்சம் இருக்கும்போது, அம்மா வீட்டில் இருந்ததை அவள் இரண்டு தடவைதான் பார்த்திருக்கிறாள். தாத்தா இறந்த அன்று. கட்டிங் மிஷினில் அப்பாவின் விரல் மாட்டிய அன்று.

ஓடி வந்தாள்.

"அப்பாவுக்கு என்னாச்சும்மா?"

"ஒண்ணும் ஆகல சாமி. அப்பா கம்பெனில இருக்கறாரு."

"அப்பறம் நீ ஏன் வந்துட்ட?"

"சும்மாதான்."

தாரணி நம்பவில்லை. வீட்டுக்குள் எட்டிப் பார்த்தாள். பக்கத்து வீட்டு வாசலைப் பார்த்தாள். அங்கெல்லாம் யாரும் கூடியிருக்கவில்லை.

சுகந்தி நகர்ந்து இடம் விட்டாள். மகள் பையைக் கழற்றாமலே படியின் ஓரத்தில் உட்கார்ந்தாள். எந்த நேரமும் எழுந்து ஓட வேண்டியிருக்கும் என்பது போல.

"மறுபடியும் எப்பம்மா போவ?"

"காத்தால."

"நாளைக்கு?"

"நாளைக்கும் இந்நேரத்துக்கு வந்துருவேன்."

தாரணி சந்தின் முனையைப் பார்த்தாள்.

பிறகு ஒரு தோளிலிருந்து பையின் பட்டையை இறக்கினாள்.

பிறகு, மற்றதையும்.