ஆள்காட்டியின் முட்டைகள்

சிறுத்தை பதுங்கி வருவதைக் கண்டால் ஆள்காட்டிக் குருவி மேலே எழும்பிக் கத்தும். மான்கள் ஓடும். பல தப்பிக்கும், ஒன்று மாட்டும்.

ஒருநாள் சிறுத்தை ஓடைக்கு அக்கரையில் நின்று, கூட்டத்தின் தலைவனான கலைமானிடம் பேசியது.

“அந்தக் குருவி கத்துற அன்னைக்கெல்லாம் உங்கள்ல ஒருத்தர் சாகுறீங்க. அது கத்தாத அன்னைக்கு யாராவது செத்திருக்கீங்களா?”

கலைமான் நினைத்துப் பார்த்தது. கணக்குச் சரியாகத்தான் இருந்தது.

மான்கள் கூட்டமாகக் குருவியிடம் போயின. “உன்னாலதான் எங்க பிள்ளைங்க சாகுது. இனிமே வாயைத் திறக்காதே.”

“நான் வாயை மூடிக்கிட்டா அவன் வராம இருக்கமாட்டான். வர்றது உங்களுக்குத் தெரியாமப் போயிடும், அவ்வளவுதான்” என்றது குருவி.

குருவியின் முட்டைகள் வெறுந்தரையில் கிடந்தன. கலைமான் அவற்றைக் குளம்பால் மிதித்தது. மற்ற மான்கள் பார்த்துக்கொண்டு நின்றன. அக்கரையில் சிறுத்தை படுத்துத் தன் பாதத்தை நக்கிக்கொண்டிருந்தது.

மறுநாள் காலை சிறுத்தை ஓடையைத் தாண்டியது. முட்டைகளை இழந்த குருவி அப்போதும் எழும்பித் தொண்டை கிழியக் கத்தியது. மான்கள் தலையைத் தூக்காமல் மேய்ந்தன.

சிறுத்தை அன்று பதுங்கவில்லை. நிமிர்ந்து நடந்தே வந்தது.